நிறத்தோடு அளவையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நிறத்தாலும் ஒளியாலும் உடல்நலத்தையும் அழகையும் பேணுவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர் வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பல வீடுகளில் பேச்சாகியிருக்கிறது. சிவப்பு சுறுசுறுப்பு தரும், நீலம் சாந்தம் தரும், பச்சை சமன் செய்யும் என்று எழுதியிருந்தார்கள். படுக்கையறைச் சுவருக்கு இளம்பச்சை அடித்து, அதைப் பார்த்து மனம் ஆறினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் எல்.இ.டி. முகமூடி, நீல விளக்கு, முடி நீக்கும் ஒளிக்கருவி எல்லாவற்றையும் அதே வரிசையில் வைத்துவிட்டு, எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம், யார் தொடக்கூடாது என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. மாத்திரையின் பெயரைப் போட்டு, எத்தனை மில்லிகிராம் என்பதை விட்டுவிட்ட மாதிரி இருக்கிறது.

ஒளி மருந்துதான், சந்தேகமில்லை. டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சென், தோலில் வரும் காசநோய்க்குச் செறிந்த ஒளியால் சிகிச்சை தந்ததற்காக 1903இல் நோபல் பரிசு பெற்றார். எந்த நோய்க்கு எந்தக் கதிர், எவ்வளவு வலிமையில் என்று தேடிப் போனவர் அவர். பம்பாயில் பிறந்த தின்ஷா கடியாலியோ 1920களில் அமெரிக்காவில் ஒரு பெட்டிக்குள் பெரிய பல்பை வைத்து, முன்னால் நிறக் கண்ணாடிகளை மாட்டி, 12 நிறங்களில் எல்லா நோயும் தீரும் என்று விற்றார். 1947இல் அங்கே நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. பார்லர் சுவர்களில் இன்று தொங்கும் ‘இந்த உறுப்புக்கு இந்த நிறம்’ அட்டவணைகளில் அவர் பட்டியலின் சாயலைத்தான் பார்க்கிறோம்.

அழகுக் கருவிகளில் சிவப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். 630 முதல் 660 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள சிவப்பும், 810 முதல் 850 வரையுள்ள கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் வேலை செய்கின்றன. மெல்லிய சுருக்கத்திலும், பருவின் சிவந்த வீக்கத்திலும், முடி உதிர்விலும் ஓரளவு பலன் உண்டு. மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். கருவி வாங்கும்போது எத்தனை பல்பு என்று எண்ணிப் பயனில்லை. சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட், எந்தத் தூரத்தில் அளந்தது என்று கேளுங்கள். அந்த எண்ணை வினாடிகளால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் தோலில் சேரும் ஆற்றல் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ஜூல் என்ற கணக்கு வரும். 20 மில்லிவாட் தரும் முகமூடியை 5 நிமிடம் போட்டால் 6 ஜூல். 50 மில்லிவாட் தரும் பலகையின் முன்னால் அதே 6 ஜூலுக்கு 2 நிமிடம் போதும். முகத்துக்கு இந்த அளவில், வாரம் மூன்று நாள் என்று தொடங்கி, ஒரு மாதம் பார்த்துவிட்டுக் கூட்டுவதுதான் நிதானம். நேரத்தை இரட்டித்தால் பலன் இரட்டிக்காது. ஓர் எல்லைக்கு மேல் போனால் குறையவே செய்யும். முகம் கழுவி, க்ரீமும் சன்ஸ்கிரீனும் இல்லாமல், உலர்ந்த தோலில் போட வேண்டும். மில்லிவாட் கணக்கைச் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

நம் தோலுக்குச் சிக்கல் வருவது நீலத்தில். 415 நானோமீட்டர் நீல ஊதா, பருக் கிருமி தனக்குள் சேர்த்து வைத்திருக்கும் போர்ஃபிரின் என்ற பொருளைத் தூண்டிவிட்டு அந்தக் கிருமியைக் கொல்கிறது. இது மெய். ஆனால் அதே 415 மாநிறத் தோலில் கருமையைக் கிளப்பும். 415ஐயும் 630ஐயும் ஒரே ஆட்களின் தோலில் ஒப்பிட்டு 2014இல் வெளியான ஆய்வில், நீலம் பட்ட இடம் கருத்து வாரக்கணக்கில் அப்படியே நின்றது. சிவப்பு பட்ட இடம் கருக்கவில்லை. மிக வெளிறிய தோலில் இந்தக் கருமை எழுவதில்லை. அதனால் வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தோடு வரும் விளம்பரத்தில் இந்த எச்சரிக்கையைத் தேடினாலும் கிடைக்காது. கன்னத்தில் மங்கு உள்ளவர்கள் நீலப் பொத்தானைத் தொடவே வேண்டாம். ஏழு நிற முகமூடிகள் சில தாமாகவே நிறம் மாறிக்கொண்டு போகும். அந்த ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சிவப்பில் மட்டும் வையுங்கள். சூடேறும் கருவியும் ஆகாது. வெப்பமும் மங்கைக் கிளறும்.

பருவுக்காக நீலம் வேண்டியே வேண்டும் என்பவர்கள், தாடைக்குக் கீழே ஐந்து ரேண்ட் நாணயம் அளவு இடத்தில் மட்டும் ஒரு வாரம் போட்டு, பிறகு இரண்டு வாரம் சும்மா விட்டுப் பாருங்கள். கருமை மெதுவாகத்தான் ஏறும். அடுத்த நாளே ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று முடிவு கட்டக்கூடாது. வெயிலில் உள்ள நீலத்துக்குச் சாதாரண வெள்ளைச் சன்ஸ்கிரீன் தடுப்பாகாது. அயர்ன் ஆக்சைடு சேர்த்த, தோல் நிறமுள்ள சன்ஸ்கிரீன் வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் தடவி, வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். மொபைல் திரையால் மங்கு வரும் என்ற பயம் மட்டும் வேண்டாம். ஜனவரி வெயிலுக்கு முன்னால் அந்த நீலம் ஒன்றுமே இல்லை.

எந்த ஒளிக்கருவிக்கும் முன்னால் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பருவுக்கும், குரூகர் வனவிலங்குப் பூங்கா பக்கம் போகும்போது மலேரியா தடுப்புக்கும் எடுக்கும் டாக்ஸிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு போன்றவை தோலை ஒளிக்குக் கூச வைக்கும். லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) உள்ளவர்களும் விழித்திரைக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. பரவலாக விற்ற ஒரு பரு முகமூடியை, இப்படிப்பட்ட சிலரின் கண்ணுக்குக் கேடு வரலாம் என்ற கவலையால் 2019இல் தயாரித்த கம்பெனியே திரும்ப வாங்கிக்கொண்டது.

முடி நீக்கும் ஐ.பி.எல். (செறிந்த ஒளித்துடிப்பு) கருவியைப் பற்றி அந்தக் கட்டுரை பாராட்டு மட்டுமே சொன்னது. அதன் ஒளி கருமையைத் தேடிப் போய்ச் சூடாக்கும். முடிவேர் கருப்பாகவும் தோல் வெளுப்பாகவும் இருந்தால் சூடு வேருக்குப் போகும். நம் தோலில் மேல்படலத்திலேயே கருமை இருப்பதால் சூடு அங்கேயே தங்கி, கொப்புளமாகி, பிறகு மாதக்கணக்கில் கரும்பட்டையாக நிற்கும். சிலருக்கு வெள்ளைத் தழும்பும் ஆகும். மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் 1064 நானோமீட்டர் என்.டி.யாக் லேசர்தான் பொருத்தம். அதுகூட, தோலைக் குளிர்வித்துக்கொண்டே சுடும் கருவியாக இருக்க வேண்டும். நாலு வாரம் முன்பே வேக்ஸிங்கையும் த்ரெடிங்கையும் நிறுத்துங்கள். வேரோடு பிடுங்கிவிட்டால் ஒளிக்கு இலக்கே இருக்காது. முந்தின நாள் ஷேவ் செய்யலாம். நரைத்த முடிக்கு இந்த ஒளி பிடிக்காது. இன்னொன்றையும் பார்லரில் சொல்ல மாட்டார்கள்: கன்னத்தில் உள்ள பூனை முடியில் வலிமை குறைந்த ஒளியை அடித்தால், அது உதிர்வதற்குப் பதில் தடித்து வளரலாம். நம்மைப் போன்ற தெற்காசியப் பெண்களின் முகத்திலும் கழுத்திலும் இது நடக்கிறது. மோவாயில் முடி திடீரென்று கூடி, மாதவிலக்கும் தவறினால் முதலில் ஹார்மோன் பரிசோதனைக்குப் போங்கள். லேசர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒளியால் நிறம் கூட்டித் தருகிறோம் என்ற விளம்பரங்களைத் தயவுசெய்து தங்கள் பத்திரிகையில் ஏற்காதீர்கள். எந்த எல்.இ.டி. நிறமும் தோலை வெளுப்பாக்காது. தோலை வெளுக்கும் ஹைட்ரோகுவினோனை அழகுப் பொருட்களிலிருந்து 1990இலேயே விலக்கிய நாடு இது. அந்த ஆசையை விளக்கு வடிவத்தில் மறுபடி கொண்டுவர நம் பத்திரிகை துணை போகக்கூடாது. ஆயுர்வேதம், ஹோமியோபதி போன்றவற்றுக்கு இங்கே சட்டப்படி பதிவு உண்டு. நிறச் சிகிச்சை அந்தப் பட்டியலில் கிடையாது.

கருவியே இல்லாமல் வரும் ஒளிக்காயம் ஒன்று நம் சமூகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. எலுமிச்சையில், குறிப்பாகப் பச்சைத் தோல் லைமில், தோலை ஒளிக்குக் கூச வைக்கும் சோரலன் இனத்துப் பொருள் உண்டு. சாறோ தோலின் எண்ணெயோ உடம்பில் பட்டு, அதன்மேல் வெயில் அடித்தால் ஒன்றிரண்டு நாள் கழித்து எரிச்சலும் கொப்புளமும், பிறகு வழிந்த தாரை வடிவிலேயே கறுப்புக் கோடும் வரும். வெயில் உச்சத்தில் இருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் வரும் தைப்பூசத்துக்கு எலுமிச்சம்பழம் கோத்துக் காவடி எடுப்பவர்களின் தோளிலும் முதுகிலும் இந்தக் கோடுகள் தெரிந்தால் அலர்ஜி என்று நினைக்க வேண்டாம். சாறு வழிந்த இடத்தை அவ்வப்போது ஈரத்துணியால் துடைத்து, நேர்த்தி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவினால் பெரும்பகுதி தவிர்க்கலாம். முகம் பளிச்சென்று ஆக எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகிறவர்களுக்கும் இதே கதிதான்.

வெண்புள்ளிக்குக் கார்போகரிசி அரைத்துப் பூசி வெயிலில் நிற்பது நம் பழைய வைத்தியம். அந்த விதையில் இருப்பதும் சோரலன்தான். பழைய வைத்தியர்கள் சரியான பொருளைத்தான் பிடித்தார்கள். ஆனால் விதையில் எவ்வளவு இருக்கிறது, வெயிலில் எவ்வளவு இருக்கிறது என்று இரண்டையும் அளக்க வழியில்லாததால், பத்து நிமிடத்தில் ஒருவருக்கு ஒன்றும் ஆகாது, இன்னொருவருக்குத் தோல் வெந்துவிடும். இப்போது மருத்துவமனைகளில் 311 நானோமீட்டர் குறும்பட்டைப் புற ஊதா தருகிறார்கள். வாரம் இரண்டு மூன்று முறை, அடுத்தடுத்த நாட்களில் இல்லாமல். வெண்புள்ளி லேசாக ரோஜா நிறமாகி 24 மணி நேரத்துக்குள் மறைந்தால் அளவு சரி. அதற்கு மேலும் சிவந்து நின்றால் அடுத்த முறை குறைக்க வேண்டும். முகம் சீக்கிரம் நிறம் திரும்பும். விரல் நுனியும் உதடும் அடம் பிடிக்கும். மூன்று மாதத்துக்கு முன் பலனில்லை என்று கைவிடாதீர்கள்.

தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் நல்ல விளக்கு வாசலிலேயே இருக்கிறது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வீட்டுக்குள் இருப்பது 100 முதல் 500 லக்ஸ். மேகம் மூடிய நாளில்கூட வெளியே பத்தாயிரம் அளவுக்கு வரும். ஜூன் கடைசியில் டர்பனில் காலை ஆறே முக்காலுக்கு மேல்தான் சூரியன் உதிக்கிறது. ஏழரைக்குள் வெளியே வந்து அரை மணி நேரம் நடந்தால் போதும், வெளிநாட்டு விளக்கு வேண்டாம். நடக்க முடியாத முதியவரை வடக்குப் பார்த்த சன்னலருகே உட்கார வையுங்கள். இந்தியப் புத்தகங்களைப் பார்த்துத் தெற்குச் சன்னலைத் தேடினால், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ள இங்கே குளிர்காலத்தில் வெயில் வராது. கண்ணாடி வழியே வரும் ஒளி உடலின் கடிகாரத்துக்கு உதவும். வைட்டமின் டி தரும் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. இரவு வேலைக்காரர்கள் 10,000 லக்ஸ் விளக்கு வாங்கினால் பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தைப் பாருங்கள். 30 சென்டிமீட்டருக்குச் சொன்னதை 60இல் வைத்தால் மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோதான் மிஞ்சும். இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கு இந்த விளக்கு கட்டுமீறிய மனக்கிளர்ச்சியைத் தூண்டலாம். டாக்டர் சொல்லாமல் கூடாது. மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய பளீர் வெள்ளைப் பல்புகள் படுக்கையறையில் இன்னும் எரிந்தால், 2700 கெல்வின் என்று போட்ட மஞ்சள் பல்புக்கு மாற்றுங்கள்.

நிறப் புட்டியில் தண்ணீர் வைத்து வெயிலில் ‘ஏற்றி’க் குடிப்பதைக் கட்டுரை பரிந்துரைத்தது. தண்ணீர் நிறத்தைச் சேமித்து வைக்காது. வெயிலில் கிருமியைக் கொல்வது பெரும்பாலும் புற ஊதா ஏ. நிறக் கண்ணாடி அதில் பெரும்பகுதியை மறித்துவிட்டு, தண்ணீரை வெதுவெதுப்பாக மட்டும் ஆக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் ஊர் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு நேரத்தில் கொதிக்க வைக்க வழியில்லை என்றால், 2 லிட்டருக்கு மேற்படாத, கீறலில்லாத, நிறமற்ற பிளாஸ்டிக் குளிர்பானப் புட்டியில் தண்ணீரை நிரப்பி, தகரக் கூரைமேல் படுக்க வையுங்கள். நல்ல வெயிலில் 6 மணி நேரம். வானம் பாதிக்கு மேல் மூடியிருந்தால் இரண்டு முழு நாள். மழை நாளில் பலிக்காது. தண்ணீர் தெளிவா என்று பார்க்க, நிரப்பிய புட்டியைச் செய்தித்தாளின் தலைப்பு எழுத்தின்மேல் நிறுத்தி, வாய் வழியாகக் கீழே பாருங்கள். எழுத்து தெரியாவிட்டால் முதலில் வடிகட்ட வேண்டும். ரசாயனக் கழிவு கலந்த தண்ணீரை இது சுத்தமாக்காது.

கடைசியாகக் கட்டுரையில் வந்த ஒரு வரி: பிறந்த குழந்தைக்கு மஞ்சள் கண்டால் காலை வெயில் காட்டினால் சரியாகும் என்பது. இதற்குத் தாங்கள் திருத்தம் வெளியிட்டே ஆக வேண்டும். இங்கிலாந்தில் ரோச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஒரு செவிலியர், வெயில் பட்ட குழந்தையின் தோலில் மஞ்சள் குறைந்திருப்பதைக் கவனித்ததிலிருந்துதான் இந்தச் சிகிச்சையே பிறந்தது. 1958இல் அது மருத்துவ இதழில் வெளியானது. ஆனால் இன்று மருத்துவமனையில் தருவது 460 முதல் 490 நானோமீட்டர் நீலம், அளந்த வலிமையில், கண்ணை மூடி, உடம்பின் பெரும்பகுதி தெரிய, ரத்தத்தில் மஞ்சளை உண்டாக்கும் பிலிருபினைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு. சன்னலோர வெயிலில் அந்த அளவு நிச்சயமில்லை. வெளியில் வைத்தால் பிஞ்சுத் தோல் வேகும் அல்லது உடம்பு குளிரும். காத்திருக்கும் நேரத்தில் பிலிருபின் மூளைக்குள் இறங்கினால் செவிடும் கைகால் முடக்கமும் வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். நம் குழந்தைகளின் நிறத்தில் மஞ்சள் சட்டென்று தெரியாது. பகல் வெளிச்சத்தில் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள்; கண் வெள்ளையையும் ஈறுகளையும் பாருங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, குழந்தை பால் குடிக்க எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் மஞ்சள் நீடித்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், ராத்திரியானாலும்.

இப்படிக்கு,
ஒளிச்சிகிச்சைத் துறையினர்,
டர்பன்