கிணற்றுக்கு நானும் வருகிறேன், மாமா

மாமா,

பரீட்சை லீவு விட்டதும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வருகிறேன். நம் கிணற்றில் அவளுக்கு நீங்கள்தான் நீச்சல் பழக்கிவிட வேண்டும். பொங்கலன்று அவளைக் கிணற்றில் இறக்கலாமா என்று நீங்கள் கேட்டபோது வேண்டாமென்று நான் சொன்னதற்கு இது நேர் மாறு, தெரியும்.

போனில் சொன்னால் "செரி கண்ணு, அங்க மழையா?" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் மருமகள் படித்துக் காட்டுவாள். சொந்தத்தில் இன்னும் பல பேர் படிப்பார்கள். சில பெயர்களை அதற்காகவே விட்டிருக்கிறேன், உங்களுக்கு யாரென்று விளங்கும்.

முதலில் பொங்கல் விஷயம். பந்தியில் அத்தனை பேர் இருக்கும்போது, "பையன்களுக்கெல்லாம் நீச்சல் பழக்கினீர்களே, எனக்கு மட்டும் ஏன் பழக்கவில்லை?" என்று உங்களிடம் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். அத்தை முகம் வாடியதை நானும் பார்த்தேன். அது எனக்கு வருத்தம்தான். ஆனால் தனியாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பீர்களா? அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு உரிமை இல்லையென்று இப்போதும் தோன்றவில்லை.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது நம் கிணற்றில் நடந்ததே, அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். நீங்கள் தண்ணீருக்குள் கடைசிப் படியில் கழுத்தளவில் நின்றுகொண்டிருந்தீர்கள். பையன்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு நம்பர். விளையாட்டு எவ்வளவு மும்முரமாக இருந்தாலும் நடுநடுவே "எண்ணு!" என்று ஒரு சத்தம் போடுவீர்கள். ஒன்று, இரண்டு என்று அவரவர் குரல் கொடுக்க வேண்டும். தனியாக இறங்கினால் முதுகில் விழும். ஆழம் பார்க்காமல் குதித்தால் அன்றைக்கு முழுக்க மேட்டில்தான் உட்கார வேண்டும். உபதேசம் செய்து நான் கேட்டதே இல்லை. எண்ணச் சொல்லிச் சொல்லியே அவர்களைப் பழக்கிவிட்டீர்கள். இன்று அவர்களில் ஒருத்தன் கோவா கடற்கரைக்குப் போனாலும் தலை எண்ணாமல் வண்டியேற மாட்டான். அவன் பெண்டாட்டி அலுத்துக்கொள்கிறாள்.

நான் மேட்டில் துணிமணிக்குக் காவல். சட்டை, டவுசர், உங்கள் வாட்ச்.

"எண்ணு" என்றீர்கள். நாலுக்குப் பிறகு சத்தம் இல்லை. யாரோ சிரித்தார்கள், விளையாட்டுக் காட்டுகிறான் என்று. மேலேயிருந்து எனக்கு மட்டும்தான் தெரிந்தது. மோட்டார் பைப்புக்குப் பக்கத்தில் முடி மட்டும் பாசிபோல அலைந்துகொண்டிருந்தது. கையடிக்கவில்லை, கத்தவில்லை, தண்ணீர் கூடக் கலங்கவில்லை. எனக்கும் குரல் வரவில்லை. உங்கள் வாட்ச்சை எடுத்து அந்த இடத்தைப் பார்த்து வீசினேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள், பிறகு விழுந்த இடத்தைப் பார்த்தீர்கள். அவ்வளவுதான், முங்கிவிட்டீர்கள்.

அவனை மேலே போட்டதும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார். அதற்குள் அவனே இருமிவிட்டான். அன்று நல்ல நேரம். எல்லோரும் அழுது முடித்த பிறகு, "இன்னைக்கு எறங்குலீனா இவன் எப்பவும் எறங்க மாட்டான்" என்று அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுபடியும் இறக்கினீர்கள். அந்தத் தைரியம் எனக்கு வராது மாமா. என் மகளுக்கு அப்படி ஆகியிருந்தால் நான் கிணற்றையே மூடச் சொல்லியிருப்பேன்.

பிறகு என் தலையில் கை வைத்து, "நீ மேல இருந்தது நல்லதாப் போச்சு கண்ணு" என்றீர்கள்.

அன்று இரவெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். பெரியவளானதும் அதே வார்த்தை உறுத்த ஆரம்பித்தது. அந்தக் கூட்டத்தில் தண்ணீரை உண்மையாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். ஆனாலும் எனக்கு இடம் மேடுதான். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக் கெணறு" என்று அம்மாயி சொன்னார்கள். அம்மாவும் தலையாட்டினாள். நீங்கள் அக்கா பேச்சைத் தட்டாதவர், எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டீர்கள். பையன்களுக்குப் பழக்கத்தைக் கொடுத்தீர்கள், எங்களுக்குப் பயத்தை மட்டும் கொடுத்தீர்கள். ஆற்றங்கரைச் சாவுச் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புத்தான். மணல் அள்ளிய குழியில் ஒருத்தி கால் வழுக்குகிறாள், அவளைப் பிடிக்கப் போன அடுத்தவளும் போகிறாள், அவளைப் பிடிக்கப் போனவளும். ஒருத்திக்கும் நீச்சல் தெரிந்திருக்காது. எட்டாவிட்டால் சேலையையோ குச்சியையோ நீட்டு, உள்ளே இறங்காதே என்று ஒருத்திக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

இது உங்கள் ஒருவர் மேல் போடுகிற பழி இல்லை. சரி, கொஞ்சம் பழிதான்.

2021-ல் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதில் நாலில் ஒரு பங்கு ஐந்து வயதுகூட ஆகாத குழந்தைகள். பள்ளிக்கூடம் போகிற வயதில் நீச்சலோடு, தண்ணீரில் எப்படிப் பத்திரமாக இருப்பது, அடுத்தவரை எப்படிக் காப்பாற்றுவது என்பதையும் சேர்த்துப் பழக்கச் சொல்கிறார்கள். பங்களாதேஷில் இதற்காகப் பெரிய நீச்சல்குளம் எதுவும் கட்டவில்லை. ஊர்க் குளத்திலேயே மூங்கில் மேடை இறக்கி, ஊர்க்காரர்களையே வாத்தியாராக்கிப் பழக்குகிறார்கள். அதைப் படித்தபோது உங்கள் ஞாபகம்தான் வந்தது. கயிறு, சுரைக்குடுக்கை, "எண்ணு!" எல்லாம் நம்மிடமும் இருந்தது.

பாப்பாவை இங்கே ஒரு நீச்சல்குளத்தில் சேர்த்திருந்தேன், அத்தை சொல்லியிருப்பாள். நன்றாகத்தான் நீந்துகிறாள். ஆனால் அது நாலடித் தண்ணீர். தரை நீலமாகத் தெரியும், கால் வலித்தால் ஊன்றி நின்றுகொள்ளலாம். எல்லாத் தண்ணீருக்கும் அடியில் தரை இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். என் முடிவை மாற்றியது அதுதான். அடி தெரியாத பச்சைத் தண்ணீரில், கால் எட்டாத இடத்தில், பதறாமல் மல்லாந்து மிதக்க அவளுக்குத் தெரிய வேண்டும். அதை விசில் ஊதுகிற கோச்சிடம் அவள் கற்றுக்கொள்ள மாட்டாள்.

ஆனால் மாமா, என் இஷ்டத்துக்குத்தான் நடக்க வேண்டும். கோபப்படாதீர்கள்.

மோட்டாரை மெயினில் நிறுத்தி, பியூஸ் கட்டையைப் பிடுங்கி உங்கள் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பழைய கயிறு வேண்டாம், புதிதாக நானே வாங்கி வருகிறேன். லைஃப் ஜாக்கெட்டும் வரும், சிரிக்காதீர்கள். மேட்டில் பெரியவர் ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருக்க வேண்டும், கையில் போன் இல்லாமல். சின்னப் பெண்ணை அந்த வேலைக்கு விடக் கூடாது.

முக்கியமானது இன்னொன்று. யாராவது தண்ணீர் குடித்துவிட்டால் தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்குவது, இதெல்லாம் இனி வேண்டாம். அமுக்கினால் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போகும், இருக்கிற நேரமும் வீணாகும். மூச்சு நின்று நாலைந்து நிமிஷம் போனாலே மூளைக்கு ஆபத்து. மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து முதலில் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், பிறகு நெஞ்சை அமுக்க வேண்டும். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-க்குப் போன் போட வேண்டும். நான் வகுப்புக்குப் போய்ப் பழகி வந்திருக்கிறேன். வந்ததும் தலையணையை வைத்துக் காட்டுகிறேன், அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் வரச் சொல்லுங்கள். அவரைக் குறை சொல்லவில்லை, அன்று அவர் ஓடி வந்ததே பெரிது.

அவளை ஒரு நாள் பாவாடை சட்டையோடும் இறக்க வேண்டும். நெதர்லாந்தில் நீச்சல் சான்றிதழ் வாங்கப் பிள்ளைகள் உடுப்போடு நீந்திக் காட்ட வேண்டுமாம். தவறி விழுகிறவர்கள் யாரும் நீச்சல் உடுப்பு மாட்டிக்கொண்டு விழுவதில்லையே.

இன்னும் ஒன்று, பொங்கலன்று கேட்டதைவிட இது சின்னதுதான். எனக்கும் பழக்கிவிடுங்கள். இந்த வயதில் என்னத்துக்கு என்று கேட்பீர்கள். பாப்பா முழுகினால் நான் மேலேயிருந்து எதை வீசுவது? இப்போது கையில் வாட்ச்கூடக் கட்டுவதில்லை.

அவளை ஒன்று என்று வையுங்கள், எனக்கு இரண்டு. சுடிதாரில்தான் இறங்குவேன். விடியற்காலையில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் வேண்டுமென்று முதலில் நினைத்தேன். வேண்டாம், எல்லோரும் இருக்கும்போதே இறங்குகிறேன்.

அத்தையிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். இந்த முறை அவள் வேண்டாமென்று சொன்னால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடாதீர்கள்.

உங்கள் அக்கா மகள்