செட் மாத்திரைக் கவரில் பெயரையும் எழுதிக் கொடுங்கள்

எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரர்களுக்கு,

வணக்கம். "காய்ச்சலுக்கு ஒரு செட் கொடுங்கள்" என்று உங்கள் கடை வாசலில் நிற்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். டாக்டர் சீட்டு இல்லாமல் இப்படிப் பல மாத்திரைகளைச் சேர்த்து ஏன் கொடுக்கிறீர்கள் என்று சண்டை போட இதை எழுதவில்லை. கிளினிக்கில் டோக்கன் போட்டு உட்கார்ந்தால் அரை நாள் கூலி போய்விடும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கேட்க வந்தது அதைவிடச் சின்ன விஷயம்.

போன மாதம் அம்மாவுக்கு உடம்புவலியும் காய்ச்சலும். ஒரு கடையில் மூன்று நாளுக்கு செட் வாங்கி வந்தார். பழுப்புக் கவர், அதன்மேல் வேளைக்கு ஒன்றாக மூன்று கோடுகள், வேறு எழுத்தே இல்லை. மூன்றாம் நாள் கால் வீங்கித் தலை சுற்றியதும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். பி.பி. 180-ஐத் தாண்டியிருந்தது.

"என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?" என்று டாக்டர் கேட்டார்.

"வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, ரோஸில் பாதி" என்றார் அம்மா.

சுருக்குப்பையைத் துழாவியதில், வெற்றிலைக் காம்புகளுக்கு நடுவே கசங்கிய அட்டைத் துண்டு ஒன்று அகப்பட்டது. கத்தரிக்கோல் சரியாகப் பெயரின் நடுவில் ஓடியிருந்தது. மிச்சம் இருந்தது 'ஃபெனாக்' என்கிற வால்தான். அந்த வாலைப் பிடித்துத்தான் அது வலி மாத்திரை என்று டாக்டர் கண்டுபிடித்தார். உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பி.பி.யை ஏற்றிவிடுகிற வகை, சிறுநீரகத்துக்கும் ஆகாது. அம்மாவோ பி.பி.க்கு நாள்தோறும் மாத்திரை சாப்பிடுகிறவர். கடையில் அதை யாரும் கேட்கவில்லை. கேட்காததால் அம்மாவும் சொல்லவில்லை.

மறுநாள் கடையில் விசாரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அந்த வலி மாத்திரைக்குள்ளேயே பாராசிட்டமால் 325 மில்லிகிராம் இருக்கிறது. கூடவே கொடுத்த வெள்ளை மாத்திரை பாராசிட்டமால் 650. மூன்று வேளைக்கு 2,925 ஆகிவிட்டது. காய்ச்சல் விடவில்லையே என்று வீட்டிலிருந்த 650-இலும் நாளுக்கு இரண்டு போட்டிருக்கிறார் அம்மா. மொத்தம் 4,225. பெரியவர்களுக்கே ஒரு நாளின் உச்சவரம்பு 4,000; அதைத் தாண்டினால் அடி வாங்குவது கல்லீரல். கவரில் பெயர் இருந்திருந்தால் வீட்டு மாத்திரையை எடுத்து உள்ளே வைத்திருப்போம். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வருகிற பி.பி. மாத்திரை முழு அட்டையாகப் பெயரோடுதான் வருகிறது. காசு கொடுத்து வாங்குவது மட்டும் ஏன் அநாமதேயமாக வர வேண்டும்?

ஆகவே, கோடு போடுகிற அதே பேனாவால் மருந்தின் பெயரையும் அளவையும் தமிழில் எழுதுங்கள். அட்டையை வெட்டும்போது காலாவதித் தேதி அச்சிட்ட முனையைக் கடைசிவரை விட்டுவையுங்கள். முதல் வெட்டிலேயே அதைக் கொடுத்துவிட்டால் அடுத்து வருகிறவருக்குத் தேதியே இல்லாத மாத்திரைதான். கொடுக்கும் முன் "பி.பி., சுகர், அல்சர் இருக்கிறதா, வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெண்களிடம் கர்ப்பமா என்றும் கேட்க வேண்டும்.

செட்டுக்குள் ஆன்டிபயாடிக் போடுவதை மட்டும் என்னால் 'பரவாயில்லை' என்று விட முடியவில்லை. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. அவற்றில் பலவற்றுக்கு 2014 மார்ச் முதல் எச்-1 என்கிற தனிப் பதிவேடே எழுத வேண்டும்: எழுதிய டாக்டர், வாங்கியவர், மருந்து, எண்ணிக்கை எல்லாம். அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருப்பதும் எங்களுக்குத் தெரிவதற்காகத்தான். மூன்று மாத்திரையாகக் கத்தரித்துக் கொடுத்தால் அந்தக் கோட்டை நாங்கள் எங்கே பார்ப்பது?

அம்மாவுக்கு வீக்கம் வடிந்துவிட்டது. அடுத்த முறையும் உங்களிடம்தான் வருவோம், வேறு எங்கே போவது? கவரை வாங்கியதும் திருப்பிப் பார்ப்பேன். எழுத்து இல்லையென்றால் எழுதி வாங்கிக்கொண்டுதான் நகர்வேன். பின்னால் நிற்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன்