தறிக்கூடத்துக்கே வந்து சர்க்கரை பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2021 மே மாதம், இரண்டாவது அலையில் என் தம்பி கொரோனாவால் இறந்தான். வயது 46. அம்மாபேட்டையில் தறி நெய்தவன். காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லை. பாதி நெய்த வெண்பட்டு வேட்டி தறியிலேயே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுதான் அவனுக்குச் சர்க்கரை 380 என்று தெரிந்தது. மூச்சுத்திணறலுக்குக் கொடுத்த ஸ்டீராய்டில் அது இன்னும் ஏறியது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, உடல் பருமன் இருந்தால் கொரோனா கடுமையாகும் என்று அப்புறம்தான் மருத்துவர் விளக்கினார்.

நாளெல்லாம் தறிக்குழியில் உட்கார்ந்த வேலை, நடுநடுவே இனிப்பு டீ. எங்கள் ஆட்களில் பலர் ஒருமுறைகூடப் பரிசோதித்ததில்லை. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, சரி. நோய் இருப்பதே தெரியாதவர் என்ன செய்வார்? சுகாதாரத் துறையினர் மாலை நேரத்தில் தறிக்கூடங்களுக்கு வந்து ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். பகலில் தறியை விட்டு எழுந்தால் கூலி போய்விடும்.

– ஒரு நெசவாளியின் அக்கா, அம்மாபேட்டை, சேலம்