பலகையின் மறுமுனை

அன்புள்ள குமரனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். ஜாதிக்காய்த் தைலம் தேய்த்துக்கொண்டு நடமாடுகிறாள். மாங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி உனக்கென்று தனியாக இருக்கிறது. பொங்கலன்று நீ வராததைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் உனக்கும் சேர்த்துத்தான் இலை போட்டாள்.

போன் எடுக்காவிட்டால் பரவாயில்லை, வேலை இருக்கும். வேளைக்குச் சாப்பிடு. இரவில் தூங்கு. மருமகள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவுக்கு ஆட்களை மீட்க நீ படகோடு போனாய் என்று தெரிந்ததும் இங்கே பினாங்கில் ஜெலுத்தோங் சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். பொதுத் தற்காப்புப் படையில் நீ தொண்டராகச் சேர்ந்தபோது, வீட்டையும் பிள்ளையையும் பார்க்காமல் இது எதற்கு என்று கத்தியவனும் நானே. தாத்தாவின் ரத்தம் என்று இப்போது பீற்றிக்கொள்கிறேன். அந்த ரத்தத்தில் வேறு என்ன வந்திருக்கும் என்று யோசிக்க எனக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கிறது.

தாத்தாவின் விசில் கதை உனக்குத் தெரியும். நான் உனக்குச் சொன்னது அதில் பாதிதான்.

1941 டிசம்பர் 11 காலையில் ஜப்பானிய விமானங்கள் பினாங்கு ஜார்ஜ் டவுனுக்கு மேலே வந்தபோது, பிரிட்டிஷ் விமானங்கள் என்று நினைத்து ஜனங்கள் தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தார்கள். தாத்தா ஏ.ஆர்.பி. வார்டன், விமானத் தாக்குதலின்போது ஜனங்களை எச்சரிக்கும் தொண்டர். இரும்புத் தொப்பியும் விசிலுமாகச் சூலியா ஸ்ட்ரீட்டில் ஓடி, உள்ளே போங்கள் என்று ஊதினார். சிரித்தார்களாம். தீவைக் காக்க விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றுகூடக் கிடையாது. குண்டு விழுந்த பிறகு அந்த விசிலுக்கு என்ன வேலை? கடைக்கதவுப் பலகை ஒன்றைக் கழற்றி, ஒரு முனையை இவரும் மறுமுனையை ஒரு சீனரும் பிடித்து, நாள்கணக்கில் ஆட்களைச் சுமந்தார்கள். முதலில் காயம்பட்டவர்களை. பிறகு மற்றவர்களை. 16ஆம் தேதி இரவில் வெள்ளைக்காரர்கள் யாரிடமும் சொல்லாமல் கப்பலேறிவிட்டார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றியவர் பத்திரிகை ஆசிரியர் சரவணமுத்து, நம் தமிழர். 19ஆம் தேதி ஜப்பானியர் நுழையும் வரைக்கும் தாத்தா பலகையைக் கீழே வைக்கவில்லை.

இவ்வளவும் பாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் வாய் திறந்ததே இல்லை. எனக்குப் பத்து வயதில் பள்ளித் திடலில் பந்தாட்டம். நடுவர் விசில் ஊதியதும் தாத்தாவின் கையில் இருந்த தேநீர் வேட்டி முழுவதும் கொட்டியது. எழுந்து வீட்டுக்கு நடந்துவிட்டார். என் நண்பர்கள் பார்க்கிறார்களே என்று நான் அவமானத்தில் குன்றிப்போனேன். அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை. அன்றும் கேட்கவில்லை, பின்னாலும் கேட்கவில்லை.

1952-ல் அவர் ஃபிரீமேசன் என்ற சகோதரச் சங்கத்தில் சேர்ந்தார். மாதம் ஒரு மாலை கறுப்புக் கோட்டுப் போட்டு, தட்டையான தோல் பையைக் கையில் எடுத்து, திரிஷாவில் அவர்கள் கூடும் லாட்ஜுக்குப் போவார். இந்தத் தீவில் 1809-லேயே அவர்களுக்கு லாட்ஜ் இருந்திருக்கிறது. கடவுள் நம்பிக்கை இருந்தால் போதும், எந்த மதத்தவரும் சேரலாம். அவரவர் வேதத்தின் மேல் சத்தியம் செய்யலாம். தாத்தா கீதையின் மேல் செய்தார். உள்ளே மதமும் அரசியலும் பேசக் கூடாது. நம் சொந்தக்காரர்களுக்கோ அது பேய் பங்களா. பாட்டி மட்டும், "அங்கே போய் வந்த ராத்திரி உங்கள் அப்பா எழுந்து உட்காராமல் தூங்குகிறார், அது போதும்" என்பாள்.

குமரா, இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. கடைசி நாள்களில் தாத்தா என்னைக் கூப்பிட்டு, பையில் இருக்கும், லாட்ஜில் கட்டிக்கொள்ளும் வெள்ளைத் தோல் ஏப்ரனை என் மேல் வைத்து அனுப்பு என்றார். சரி என்றேன். மறுநாள் அல்ல, அதற்கு அடுத்த நாள் போய்விட்டார். லாட்ஜிலிருந்து மூன்று பேர், இறுதிச் சடங்குக்கு அவர்கள் வழக்கப்படி, கையில் பச்சைத் தழையோடு வந்தார்கள். உள்ளே பெரியப்பாக்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலருகே போய், இது எங்கள் குடும்பக் காரியம், மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவர்களில் வயதான சீனர் ஒருவர் என்னையே பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல், தழையை வாசல் சுவரின் மேல் வைத்துவிட்டுப் போனார். பத்து லஞ்சாங் சுடுகாட்டில் நான் கொள்ளி வைத்தபோது அந்த ஏப்ரன் வீட்டு அலமாரியில் இருந்தது. இன்னமும் இருக்கிறது.

அந்தச் சீனர்தான் பலகையின் மறுமுனையைப் பிடித்தவர். தாத்தாவை லாட்ஜில் சேர்த்ததும் அவர்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் பாட்டி சொன்னாள். நான் தேடிப் போகவில்லை. வெட்கம். இப்போது அவரும் இல்லை.

மருமகள் எதுவும் சொல்லவில்லை என்று மேலே எழுதினேன். சொன்னாள். நடு இரவில் நீ கீழே போய்க் காருக்குள் உட்கார்ந்திருக்கிறாயாம். வெள்ளத்தில் மூழ்கிய அந்த வீட்டில் நீ என்ன பார்த்தாய் என்று நான் கேட்க மாட்டேன். கேட்கத் தெரியாதவன் என்று எனக்கே தெரிந்துவிட்டது. ஆனால் படகில் உன்னோடு இன்னொருவன் இருந்தானே, அந்த ஈப்போ பையன், அவனைப் போய்ப் பார். ஒன்றும் பேசாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வா. டாக்டரிடம் போவதானால் போ. அதில் ஒரு குறைச்சலும் இல்லை, யார் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

சனிக்கிழமை முதல் ஃபெரியில் பட்டர்வொர்த் போய் ரயிலேறுகிறேன். ஊறுகாய் ஜாடி வருகிறது. தாத்தாவின் பையும் வருகிறது. அதை நீயே திறந்து பார். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், நானே டாக்சி பிடித்துக்கொள்வேன். வருவதானால் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டெல்லாம் நிற்காதே, இருக்கிறபடியே வா.

அப்பா