செட்டிநாட்டு மாநாட்டுக் குழுவினருக்கு: அடுத்த முறை சுற்றுலாப் பேருந்து வேண்டாம்

அன்புள்ள ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் தமிழ்க் கணிமை மாநாட்டில் கையெழுத்தைப் படிக்கும் மென்பொருள்களைப் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தீர்கள். தங்குமிடம், சாப்பாடு, ரயிலடியில் காத்திருந்த கார் என எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. வெள்ளைப் பணியாரத்தோடு வைத்த காரச் சட்னிக்காகவே இன்னொரு கட்டுரை எழுதி அனுப்பலாமா என்று யோசித்தவன் நான். என் மனத்தாங்கல் உபசாரத்தில் இல்லை, நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது.

தொடக்க விழாவில் ஒருவர், இந்த வறண்ட சீமைக்குத் தொழில்நுட்பம் இப்போதுதான் வந்து சேர்கிறது என்ற பொருளில் பேசினார். மேடையில் இருந்த யாரும் மறுக்கவில்லை. ஊரார் 'சிக்ரி' என்று அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1948இல். அதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். காரைக்குடியில் நின்றுகொண்டு இதை மறப்பதற்குத் தனித் திறமை வேண்டும். போகட்டும், தொடக்க விழாப் பேச்சுகளை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்!

எனக்கு உறுத்தியது வேறு. அரங்கில் பேசியவர்களில் பெரும்பாலோர், நான் உட்பட, ஒரே பல்லவியைப் பாடினோம்: தமிழுக்குத் தரவு போதாது. அச்சு நூல்களைப் படிக்கும் எழுத்துணரிகள் ஓரளவு தேறிவிட்டன. பழைய கையெழுத்தைக் கற்றுக்கொடுக்கத்தான் மாதிரிகள் இல்லை என்று புலம்பினோம். மறுநாள் குளிரூட்டிய பேருந்தில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டினீர்கள். பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான், கடைசியாகக் காரைக்குடியில் பழம்பொருள் கடைகள். முதல் நாள் தரவுக்காகக் கண்ணீர் விட்ட அதே அறிஞர்கள், ஒரு கடையில் பித்தளைச் செம்புகளுக்கு நடுவே அடுக்கிக் கிடந்த கணக்கேடுகளைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் விலை கேட்டார், வரவேற்பறையில் வைக்க அழகாக இருக்குமாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று புரட்டிப் பார்ப்பதற்குள் ஓட்டுநர் ஹாரன் அடித்துவிட்டார்.

அந்த ஏடுகள் என்னவென்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நீங்கள் இந்த மண்ணின் பிள்ளைகள். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை வைத்திருந்தவர்கள் சிட்டையும் (அன்றாட வரவுசெலவுக் குறிப்பு) பேரேடும் (ஆள்வாரிக் கணக்கு) ஐந்தொகையும் (இருப்புநிலைக் கணக்கு) எழுதியது தமிழில். பெட்டியடிப் பையன் என்ற எடுபிடியாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, மேலாளாகி உயர்ந்தது இந்தக் கணக்கைக் கற்றுத்தான். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, 'மேற்படி'க்கு ௸ என்று பழைய தமிழ்க் கணக்கில் தனிக் குறிகள் உண்டு. எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் உலகப் பொதுத் தரமான யூனிகோடில் இவை 2003இல் இடம்பெற்றன. முந்திரி என்னும் 320இல் ஒரு பங்கு, காணி என்னும் 80இல் ஒரு பங்கு முதலான பின்னங்களும் அளவைக் குறிகளும் 2019இல் வெளியான யூனிகோடு 12.0 பதிப்பில்தான் சேர்ந்தன. ஆக, குறியீட்டு எண் கிடைத்துவிட்டது. அந்தக் குறிகள் உண்மையான கையெழுத்தில் எப்படி வளைகின்றன, அவசரத்தில் எப்படிச் சிதைகின்றன என்று மென்பொருளுக்குக் காட்டப் பக்கங்கள் வேண்டும். அவை எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

இது சுலபமான வேலை என்று சொல்லவில்லை. பழைய கையெழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி பெரும்பாலும் இருக்காது. ரகரத்துக்கும் கால் குறிக்கும் (ா) வேறுபாடு தெரியாது. சொற்கள் இடைவெளி இல்லாமல் ஓடும். அதைவிடப் பெரிய சிக்கல், கணக்கேடு என்பது பிறர் கடன்களின் பட்டியல். வாங்கியவரின் பேரன் இன்றும் அதே தெருவில் இருக்கலாம். ஏடுகள் கிடக்கும் பூட்டிய வீட்டுக்குப் பங்காளிகள் பலர், ஒருவர் சம்மதித்தால் இன்னொருவர் மறுப்பார். குடும்பத்தார் தயங்குவது நியாயமே. ஒளிவருடியோடு (ஸ்கேனர்) வீட்டு முகப்பில் போய் நின்றால் கதவு திறக்காது. எந்தப் பக்கத்தைப் பொதுவில் வைப்பது, எந்தப் பெயரை மறைப்பது என்று முதலில் உட்கார்ந்து பேசவேண்டும். ஒரு மாநாட்டின் முழு அமர்வுக்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. உங்கள் நிரலில் இதற்கு ஐந்து நிமிடம்கூட இல்லை.

ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையிலும் இதே கதைதான். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சாந்தைக் கையால் ஊற்றி, காய்ந்த பிறகு பிரித்தெடுத்த கல்லில் அந்தக் கண்ணாடியின் மினுமினுப்பே தங்கியிருப்பதைப் பார்த்து எல்லோரும் வியந்தோம். கல்லில் உள்ள இந்தப் பூ வடிவத்துக்கு என்ன பெயர் என்று நான் கேட்டதற்குத் தொழிலாளர் ஆர்வமாகப் பதில் சொல்லத் தொடங்கினார். நேரமாகிவிட்டது என்றார் உங்கள் தன்னார்வலர்.

அடுத்த முறை அந்தத் தொழிலாளரை மேடைக்கு அழையுங்கள். பழைய கணக்கெழுத்தைப் படிக்கத் தெரிந்த கணக்குப்பிள்ளை எவரேனும் இருந்தால் அவருக்கு முதல் அமர்வைக் கொடுங்கள்; எங்களைப் போன்றவர்கள் கீழே உட்கார்ந்து குறிப்பெடுக்கிறோம். சம்மதம் தரும் ஒரு வீட்டின் வளவில் (உள்முற்றப் பகுதி), அவர்கள் கண்ணெதிரே, அவர்கள் காட்டும் பக்கங்களை மட்டும் படியெடுக்கும் பயிற்சியாகச் சுற்றுலா நாளை மாற்றுங்கள். மாணவர்களுக்கும் அதில் வேலை இருக்கும். இம்முறை அவர்கள் தண்ணீர்ப் பாட்டில் கொடுப்பதற்கு மட்டுமே பயன்பட்டார்கள்.

முன்னுதாரணம் வேண்டுமானால் காரைக்குடியை ஒட்டிய கோட்டையூர் போதும். பேருந்து அங்கே நிற்கவே இல்லை. பெயர்ப் பலகை எழுதும் ஓவியரான ரோஜா முத்தையா, மற்றவர்கள் கழித்துப்போட்ட நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் அந்த ஊரில் இருந்துகொண்டே சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கிய பிறகு, சென்னையில் 1994இல் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது. அவருக்குக் கணினியும் இல்லை, மானியக் குழுவும் இல்லை.

செலவைப் பற்றிக் கவலைப்படுவீர்கள் என்று தெரியும். பேச்சாளர் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, சந்தன மாலை, கண்ணாடிப் பெட்டிக்குள் நினைவுப் பரிசு என்று கொடுத்தீர்கள். என் பெட்டியை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன். அவற்றை நிறுத்தினால் ஒளிவருடி வாடகைக்கும், வருகிற கணக்குப்பிள்ளைக்கு மரியாதையான சன்மானத்துக்கும் பணம் கிடைத்துவிடும். இப்படி ஒரு நாளை ஒதுக்குவதாக இருந்தால் எனக்குப் பயணச் செலவு வேண்டாம். மாதிரி ஒப்புதல் படிவம் ஒன்றைத் தமிழில் எழுதித் தருகிறேன். வீட்டாரிடம் காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தங்களோடு எனக்குத் திருப்பி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் இரண்டாம் அமர்வுப் பேச்சாளர்களில் ஒருவன்