மாவு பொங்கிருச்சு

லீட்ஸ்,
ஜனவரி

ஆத்தாவுக்கு,

லெட்டர் கெடச்சு மூணு வாரமாச்சு. பதில் போடலைன்னு அப்பச்சி கோவிச்சுக்கிட்டாகன்னு சின்ன அண்ணன் சொல்லுச்சு. வேலை ஜாஸ்தி, வேறொண்ணுமில்ல.

இங்க நாலு மணிக்கே இருட்டிருது. ராத்திரி ஹீட்டர் போட்டா எனக்குத் தலை வலிக்குது, அதனால போடறதில்ல. அந்தக் குளிர்ல இட்லி மாவு ரெண்டு நாளாகியும் புளிக்காமக் கெடந்துச்சு. பக்கத்து வீட்டுக் கிழவர், அதான் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், "என் அடுப்படியில பியர் ஜாடி பக்கத்துல வையி"ன்னார். பயப்படாதீக, நான் மோந்து பாத்ததோட சரி. இங்க வீட்டுக்குன்னு காய்ச்ச 1963-லயிருந்து லைசென்ஸ் வேண்டாம், விக்கத்தான் கூடாது.

அவருக்குக் கனமான பியர்தான் வேணும், இருக்கிறதோ ஒரே ஒரு பத்து லிட்டர் பானை. முளைகட்டிக் காயவெச்ச பார்லியை, அதான் மால்ட்டை, நொறுக்கி, 65 டிகிரி வெந்நீர்ல ஒரு மணி நேரம் ஊறவெச்சு, மொத வடிசலை மட்டும் எடுத்தோம். அதையும் மூணு மணி நேரம் சுண்டக் காய்ச்சினா நாலு லிட்டர்தான் தேறுச்சு. கிண்டினது நான், அதிரசப் பாகுக்குப் பதம் பாத்த கையாச்சே. தண்ணி கலக்குற பால்காரரைப் பிடிக்க ஐயா வெச்சிருந்தாகளே பால்மானி, அது மாதிரி ஒண்ணை விட்டுப் பாத்தார்: தண்ணி 1.000-ன்னா இது 1.090. அந்தக் கனத்துக்கு ஈஸ்ட் ரெட்டிப்பா வேணுமாம், காத்தும் வேணுமாம். ஆறினப்பறம் ஜாடியை மாத்தி மாத்திக் குலுக்கி என் இடுப்பு போச்சு. நீங்க அனுப்புன கருப்பட்டில ஒரு வட்டு வாங்கி, மூணாம் நாள்தான் கரைச்சு ஊத்துனார். மொதல்லயே போட்டா ஈஸ்ட் அதைத் தின்னுட்டு மால்ட்டைத் தொடாம சோம்பிருமாம், சின்ன அண்ணன் மக மாதிரி!

அன்னிக்கு ராத்திரி ரெண்டும் பொங்கிருச்சு. ஜாடி நுரை சுவத்துல, என் மாவு தரையில.

அந்தக் கருப்பட்டி வாசனையில பிள்ளையார் நோன்பு ஞாபகம் வந்திருச்சு ஆத்தா. மாவு உருண்டையில 21 நூல் திரி எரிய எரிய, அந்த இழையை அப்பச்சி கையால வாங்கி வாயில போட்டுக்குவோமே. இந்த வருசம் அந்த நேரம் நான் பஸ்ல நின்னுக்கிட்டிருந்தேன். என் இழையை யார் எடுத்தா?

நம்ம வீட்டு ரெண்டாங்கட்டு ஓடு மாத்துற விசயம்: பங்காளிக நாலு புள்ளிக் குடும்பமும் பணம் வெச்சாத்தான் நாமளும் வைக்கணும். பெரியப்பச்சி சொன்னாகன்னு கொத்தனாருக்கு அப்பச்சி தனியா அட்வான்ஸ் கொடுத்துற வேண்டாம். நம்ம பங்கை மாசிக்குள்ள அனுப்புறேன், இந்த மாசம் தோதுப்படாது. தேக்கு உத்தரத்துல தண்ணி இறங்குதான்னு சின்ன அண்ணனை ஏறிப் பாக்கச் சொல்லுங்க. ஆயாவுக்குக் கண் ஆப்பரேசன் தேதி வந்துச்சா?

கருப்பட்டி இன்னும் ரெண்டு வட்டு அனுப்புங்க. கிழவர் கேக்குறார்.