ட்ராமைத் திட்டாதே, பிள்ளை

கிளிநொச்சி

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். இரண்டு நாளாக விடாமல் மழை. அம்மா உனக்கு ஒடியல்மா கொடுத்துவிட ஆள் தேடிக்கொண்டிருக்கிறா.

ஞாயிறு கதைத்தபோது ரொறன்ரோ ட்ராமைத் திட்டித் தீர்த்துவிட்டாய். குயின் வீதியில் ஒரு கார் இடப்பக்கம் திரும்பத் தண்டவாளத்தில் நின்றதாம், அது விலகும்வரை ட்ராம் அத்தனை சனத்தோடும் பின்னால் காத்து நின்றதாம். "நடந்தே போயிருக்கலாம் அப்பா" என்றாய். பிள்ளை, வழியை மறித்தது கார், திட்டு வாங்கியது ட்ராம். றெயில் லைன் வேலை செய்தவன் என்றபடியால் எனக்குப் பொறுக்கவில்லை. தம்பியின் போனை வாங்கி இரண்டு இரவு அதைப்பற்றியே வாசித்தேன்.

அங்கே 1861இல் குதிரை இழுத்த வண்டிதான் ஓடியிருக்கிறது. 1892இல் மின்சாரம் வந்தது, இரண்டு வருடத்தில் குதிரைகளுக்கு ஓய்வு. பிறகு கார் பெருக, வட அமெரிக்காவில் ஊர் ஊராக ட்ராமைப் பிடுங்கினார்கள். உங்கள் நகரமும் 1980க்குள் எல்லாவற்றையும் நிறுத்திவிட 1966இல் திட்டம் போட்டது. சனம் சும்மா இருக்கவில்லை. வாதாடி 1972இல் அந்த முடிவை மாற்ற வைத்தார்கள். 1997இல் ஸ்படைனா வீதியில் ட்ராமுக்குத் தனிப்பாதை கிடைத்தது. 2017இல் கிங் வீதியில் கார்களை நேரே போகவிடாமல் சந்திகளில் வலப்பக்கம் திருப்பிவிட்டார்கள். குயினிலும் அதைச் செய்தால் உன் வாய் ஓயும்.

கொழும்பு ட்ராம் 1899இல் தொடங்கி 1960இல் நின்றது, திரும்பி வரவேயில்லை. எங்கள் கதை வேறு. 1990இல் சண்டையால் யாழ்தேவி றெயில் நின்றபிறகு, நான் கல் இடித்துப் பராமரித்த லைனின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் குண்டுக்குப் பதுங்கும் பங்கருக்குப் போயின. எங்கள் வளவுப் பங்கருக்கு மேலே அடுக்கியதும் அதுதான். அதற்குள் இருந்துதான் நீ அ, ஆ எழுதினாய். 2013இல் கிளிநொச்சிக்கு றெயில் திரும்ப வந்தபோது எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். நான் குனிந்து தண்டவாளத்தைத்தான் பார்த்தேன்.

எங்கள் லைனில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடையிலான அகலம் 1676 மில்லிமீற்றர், உங்கள் ட்ராமினது 1495. உலகத்தில் பொதுவாக உள்ள அளவு 1435, உங்கள் ஆட்கள் அதற்கு மேல் 60 கூட்டி வைத்திருக்கிறார்கள். அதைவிட எனக்குப் புதினமாக இருந்தது வேறொன்று. உங்கள் தண்டவாளம் றோட்டு மட்டத்துக்குக் கொங்கிறீற்றில் புதைந்து கிடக்கிறது. உட்பக்கம் நெடுக ஒரு பள்ளம், சக்கரத்தின் விளிம்பு ஓடுவதற்கு. சைக்கிள் ரயரும் அதற்குள் வடிவாக இறங்கும். கொழும்பு புறக்கோட்டையில் கடையில் நின்ற காலத்தில் உன் அப்பப்பா மருதானையில் ட்ராம் தண்டவாளத்தில் அப்படித்தான் விழுந்தார். முன்பல் இரண்டு போனது.

நீ வேறு கோடைக்குச் சைக்கிள் வாங்கப் போவதாகச் சொன்னாய். தண்டவாளத்தை நேர்குறுக்காகக் கட, சரித்துக்கொண்டு போகாதே. மழையென்றால் இறங்கி உருட்டு.

அன்புடன்,
அப்பா